கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பதைத் தூரத்திலிருந்து கவனிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலம், துறைமுக ஜெட்டி, கடலோர அடுக்குமாடி என்று எங்கே போனாலும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப்பில் துண்டு துண்டாகப் பதில் போடுவதை விட, மொத்தமாக ஓரிடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. சென்சார் விற்க வருபவர் சொல்லாமல் விடும் சில விஷயங்களும் இதில் உண்டு.

கான்கிரீட்டுக்குள் மூடிக் கிடக்கும் கம்பி ஏன் துருப்பிடிக்கிறது?

நல்ல கான்கிரீட்டுக்குள் இருக்கும் நுண்துளை நீர் கடுமையான காரம். அதன் பி.எச் 12.5-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் உருவாகி, துருவைத் தடுத்து நிற்கிறது. இந்தப் படலம் இருக்கும் வரை பிரச்சினை இல்லை.

அதை உடைக்க இரண்டு பேர் வருவார்கள். ஒன்று, காற்றிலுள்ள கரியமில வாயு. அது மெதுவாக உள்ளே நுழைந்து காரத்தைத் தின்று பி.எச்-ஐ 9-க்குக் கீழே இறக்கிவிடும். இன்னொன்று குளோரைடு, அதாவது உப்பு. உப்பு காரத்தைக் குறைப்பதில்லை, படலத்தை அங்கங்கே ஓட்டை போடும். அதனால்தான் கடலோரத்தில் கம்பி சீராகத் தேயாமல் குழி குழியாக அரிக்கப்படுகிறது. துரு இரும்பை விட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் பிடிக்கும். அது உள்ளிருந்து தள்ளித்தான் கான்கிரீட் வெடித்துப் பெயர்கிறது.

வெடிப்பு வந்தால் கண்ணுக்கே தெரியுமே. அப்புறம் சென்சார் எதற்கு?

நியாயமான கேள்வி. வீட்டு சன்ஷேடுக்கு இது சரியான வாதம்கூட.

ஆனால் துருவின் கதையில் இரண்டு கட்டங்கள் உண்டு. 1982-இல் டூட்டி என்ற ஆய்வாளர் வகுத்த இந்தப் பிரிவைத்தான் இன்றும் எல்லோரும் பின்பற்றுகிறார்கள். முதல் கட்டத்தில் உப்பும் கரியமில வாயுவும் கம்பியை நோக்கி நடந்துகொண்டே இருக்கும். கம்பிக்கு எதுவும் ஆகியிருக்காது, வெளியிலும் எதுவும் தெரியாது. இரண்டாவது கட்டத்தில் துரு தொடங்கி வளரும். நாம் வெடிப்பைப் பார்ப்பது இந்த இரண்டாவது கட்டத்தின் நடுவிலோ முடிவிலோதான். முதல் கட்டத்திலேயே தெரிந்தால் மேல்பூச்சு அடிக்கலாம், தண்ணீர் கசியும் இடத்தை அடைக்கலாம், செலவு சிறியது. வெடித்த பிறகு என்றால் உடைத்து, கம்பி மாற்றி, முட்டுக் கொடுத்து வேலை செய்ய வேண்டும்.

இன்னொரு காரணம், சில இடங்களில் வெடிப்பே முன்கூட்டி வராது. இத்தாலியின் ஜெனோவாவில் 1967-இல் திறந்த மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். அதன் இழுகம்பிகளைக் கான்கிரீட் உறைக்குள் மூடியிருந்தார்கள். அவை உள்ளே அரிக்கப்பட்டதைத்தான் நீதிமன்ற நிபுணர்கள் முதன்மைக் காரணமாகச் சொன்னார்கள். முன்னிறுக்கிய கம்பி, அதாவது இழுத்துப் பிடித்த உயர்வலிமைக் கம்பி, சாதாரணக் கம்பியைப் போல எச்சரித்துவிட்டுப் போகாது. திடீரென்று அறுந்துவிடும்.

சென்சார் உள்ளே துருவையா அளக்கிறது?

இல்லை. இதை முதலிலேயே புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். துரு ஒரு மின்வேதி வினை. அந்த வினை நடக்கும்போது வெளிப்படும் மின் அடையாளங்களைத்தான் அளக்கிறோம். பொதுவாக நான்கு: கம்பியின் மின்னழுத்தம், துருவின் வேகம், கான்கிரீட்டின் மின்தடை, அப்புறம் உள்ளே இருக்கும் வெப்பமும் ஈரமும்.

மின்னழுத்தம் அளக்கும் வழி பழையது. கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் இருந்த ஸ்ட்ராட்ஃபுல் 1950-களில் சான் மாடியோ–ஹேவர்ட் பாலத்தில் இதைச் செய்து காட்டினார். தாமிரம்–தாமிர சல்பேட் மின்முனையைக் கான்கிரீட் மேல் வைத்து, வோல்ட் மீட்டரின் இன்னொரு வயரைக் கம்பியில் கட்டி அளப்பது, அவ்வளவுதான். இன்றைய சென்சாரும் அதே வேலையைத்தான் செய்கிறது. கையில் பிடித்த மின்முனைக்குப் பதிலாக, பல வருடம் தாங்கும் மாங்கனீசு டை ஆக்சைடு மின்முனையோ வெள்ளி–வெள்ளிக் குளோரைடு மின்முனையோ கம்பிக்குப் பக்கத்திலேயே புதைந்திருக்கும்.

மைனஸ் 350 மில்லிவோல்ட் காட்டுகிறது. துரு நிச்சயமா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

ஏ.எஸ்.டி.எம் சி 876 என்ற அமெரிக்கத் தரநிலை சொல்வது இது: தாமிர சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 200-ஐ விட நேர்ப்பக்கம் இருந்தால் துரு இல்லாமல் இருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 350-ஐயும் தாண்டிக் கீழே போனால் துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. நடுவில் இருந்தால் சொல்ல முடியாது. கவனியுங்கள், இது வாய்ப்புக் கணக்கு. எவ்வளவு துரு, எவ்வளவு வேகம் என்பதெல்லாம் இந்த எண்ணில் இல்லை.

அப்புறம் எந்த மின்முனை என்று கேளுங்கள். நிறைவுற்ற பொட்டாசியம் குளோரைடு கரைசல் கொண்ட வெள்ளி மின்முனைக்கும் தாமிர சல்பேட் மின்முனைக்கும் சுமார் 120 மில்லிவோல்ட் வித்தியாசம். அதாவது தாமிர சல்பேட்டில் மைனஸ் 350 என்பது வெள்ளியில் மைனஸ் 230. இதை மாற்றாமலேயே "எல்லாம் பாதுகாப்பு" என்று பச்சை நிறம் காட்டிய டாஷ்போர்டு ஒன்றை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பொறி தண்ணீருக்கு அடியில் இருக்கிறது. கடலில் எப்போதும் மூழ்கியிருக்கும் பைல், அதாவது அடித்தளத் தூண், மைனஸ் 600, 700 என்று காட்டும். புதிதாக வந்த பொறியாளர் பதறிப்போவார். ஆனால் அங்கே ஆக்சிஜன் கிட்டத்தட்ட இல்லை, அதனால் மின்னழுத்தம் கீழே விழுந்து கிடக்கிறது. துரு பெரிய அளவில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று அர்த்தமில்லை. நேர்மாறாக, மேலே அலை தெறிக்கும் பகுதி மைனஸ் 300 காட்டினாலும் அங்கேதான் உண்மையான சேதம் நடக்கும். அங்கே உப்பும் உண்டு, ஈரமும் உண்டு, காற்றும் உண்டு.

எனவே ஒற்றை எண்ணை நம்பாதீர்கள். நாள்போக்கில் எப்படி நகர்கிறது, பக்கத்துச் சென்சாரோடு எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். இரண்டு வருடம் மைனஸ் 150-இல் நின்றது இரண்டு வாரத்தில் மைனஸ் 380-க்கு இறங்கினால் அது செய்தி. நிறுவிய நாளிலிருந்தே மைனஸ் 380 என்றால் முதலில் வயரைச் சரிபார்க்க வேண்டும்.

துருவின் வேகத்தை எண்ணாகச் சொல்ல முடியுமா?

முடியும், கொஞ்சம் பணிவோடு. 1957-இல் ஸ்டெர்ன், கியரி என்ற இருவர் கொடுத்த சமன்பாடுதான் அடிப்படை. கம்பியின் மின்னழுத்தத்தைச் சுமார் 10 முதல் 20 மில்லிவோல்ட் மட்டும் லேசாகத் தள்ளிப் பார்ப்பார்கள். அதற்கு எவ்வளவு மின்னோட்டம் தேவைப்படுகிறது என்பதிலிருந்து துருவின் வேகம் கணக்காகும். கம்பிக்கு எந்தப் பாதிப்பும் இல்லை.

சதுர சென்டிமீட்டருக்கு 0.1 மைக்ரோ ஆம்பியருக்குக் கீழே என்றால் கம்பி தூங்குகிறது. 0.5 வரை மெதுவான துரு. 1-க்கு மேல் போனால் வேகமானது. 1 மைக்ரோ ஆம்பியர் என்பது வருடத்துக்கு 11.6 மைக்ரான் இரும்பு கரைவதற்குச் சமம். கேட்க ஒன்றுமில்லாதது போலிருக்கும். 16 மி.மீ. கம்பியில் பத்து வருடம் இதே வேகத்தில் சீராகப் போனால் விட்டத்தில் 0.23 மி.மீ. குறையும், குறுக்குப் பரப்பில் 3 சதவீதம்கூட இல்லை. ஆனால் மேலே இருக்கும் கான்கிரீட் அதற்கு வெகு முன்பே வெடித்துவிடும். கம்பி சில பத்து மைக்ரான் கரைந்தாலே பல கட்டமைப்புகளில் வெடிப்பு வந்துவிடுகிறது. மேலும் உப்பால் வரும் குழி அரிப்பில், குழியின் ஆழம் சராசரித் தேய்மானத்தைப் போல நான்கு முதல் எட்டு மடங்கு வரை இருக்கலாம். எனவே "வருடத்துக்கு 11 மைக்ரான்தானே" என்று உப்புள்ள இடத்தில் ஆறுதல் அடைய முடியாது.

பணிவு ஏன் என்றால், தள்ளிய மின்னோட்டம் கம்பியின் எவ்வளவு நீளத்துக்குப் பரவியது என்பது தெரியாது. மேற்பரப்பில் வைத்து அளக்கும் கருவியில் இதற்காக, மின்னோட்டம் கண்டபடி பரவாமல் தடுக்கும் ஒரு காவல் வளையம் வைப்பார்கள். மாட்ரிட்டில் ஆய்வாளர் கார்மென் ஆந்த்ராதேயும் அவருடைய சகாக்களும் இதில் நிறைய வேலை செய்தார்கள். புதைக்கும் சென்சாரில் பெரும்பாலும் பரப்பு தெரிந்த தனிக் கம்பித் துண்டு ஒன்றை வைத்து அதையே அளப்பார்கள். அது பிரச்சினையைத் தீர்க்கிறது, ஆனால் அளப்பது உங்கள் கம்பியை அல்ல, அதன் பிரதிநிதியை.

ஏணி சென்சார் என்கிறார்களே, அது என்ன?

எனக்குப் பிடித்த சென்சார் இது. யோசனை அவ்வளவு எளிமை. ஜெர்மனியின் ஆகன் நகரில் ஷீஸ்ல், ரௌபாக் இருவரும் உருவாக்கியது. ஏணியின் படிகளைப் போலச் சிறு இரும்புத் துண்டுகளைச் சாய்வாகக் கட்டி, ஒவ்வொன்றும் மேற்பரப்பிலிருந்து வெவ்வேறு ஆழத்தில் இருக்கும்படி கான்கிரீட் போடும்போதே வைத்துவிடுவார்கள். பக்கத்தில் துருப்பிடிக்காத உலோகத்தில் ஒரு மின்முனை. உப்பு உள்ளே வர வர, முதல் படி துருப்பிடிக்கத் தொடங்கும். அந்தப் படிக்கும் பக்கத்து மின்முனைக்கும் நடுவே மின்னோட்டம் எகிறும். சில வருடம் கழித்து இரண்டாவது படி.

10 மி.மீ. ஆழத்துப் படி எப்போது விழுந்தது, 20 மி.மீ. எப்போது விழுந்தது என்று தெரிந்தால், 50 மி.மீ. ஆழத்தில் இருக்கும் நிஜக் கம்பிக்கு எப்போது முறை வரும் என்று கணக்குப் போடலாம். ஆழம் இரட்டித்தால் காலம் இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய நான்கு மடங்காகும் என்பதை மறக்காதீர்கள். டென்மார்க்கின் கிரேட் பெல்ட் கடல்வழி இணைப்பு 1997-இல் ரயிலுக்கும் 1998-இல் சாலைக்கும் திறக்கப்பட்டது. 100 வருடம் நிற்க வேண்டும் என்று கட்டிய அந்த அமைப்பில் இந்த ஏணிகளைப் புதைத்திருக்கிறார்கள். கம்பி துருப்பிடிக்கும் முன்பே தகவல் தருவது இது ஒன்றுதான் என்பது என் கருத்து.

பழைய கட்டமைப்பில் பிறகு வைக்க முடியாதா?

முடியும். துளை போட்டு வளைய வடிவச் சென்சாரைச் செருகலாம், மின்முனையைக் கலவை போட்டுப் புதைக்கலாம். ஆனால் நீங்கள் போடும் புதிய கலவையில் உப்பு இல்லை, ஈரம் வேறு, காரம் அதிகம். சுற்றியுள்ள பழைய கான்கிரீட்டோடு அது ஒத்துப்போக மாதங்கள் ஆகலாம். முதல் சில மாத அளவீடுகளை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

கம்பியோடு போடும் வயர் இணைப்பு முக்கியம். ஓரிடத்தில் போடாமல் இரண்டு இடத்தில் போடச் சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே மின்தொடர்ச்சி இருக்கிறதா என்று மீட்டரில் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். எபாக்சி பூசிய கம்பி என்றால் ஒவ்வொரு கம்பியும் தனித்தீவு, மின்னழுத்த முறை அங்கே எடுபடாது. துத்தநாகம் பூசிய கம்பியிலும் மேலே சொன்ன எல்லைகள் பொருந்தாது, துத்தநாகமே இயல்பாக நிறையக் கீழே காட்டும்.

எங்கே வைப்பது?

மோசமான இடத்தில். பாலத்தில் விரிவிணைப்புக்கு, அதாவது தளத்துண்டுகளுக்கு நடுவே விடும் இடைவெளிக்கு, நேர் கீழே, வடிகால் குழாய் சொட்டும் தூணில், கடலில் அலை ஏறி இறங்கும் உயரத்தில். கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ் 456-ஏ கடலோரக் காற்றுக்கு 45 மி.மீ., கடல் நீர்த் தெறிப்புக்கு 50, அலை ஏறி இறங்கும் பகுதிக்கு 75 என்று கம்பிக்கு மேல் கான்கிரீட் கவர் கேட்கிறது. ஆபத்து எங்கே அதிகம் என்று அந்த மூன்று எண்களே சொல்லிவிடுகின்றன. ஒப்பிட்டுப் பார்க்க ஒன்றிரண்டு சென்சாரை நல்ல, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பணம் மிச்சம் பிடிக்க முதலில் வெட்டப்படுவது எப்போதும் அந்த ஒப்பீட்டுச் சென்சார்தான்.

தூரத்திலிருந்து தகவல் எப்படி வருகிறது? கான்கிரீட்டுக்குள்ளிருந்தே ரேடியோவா?

பெரும்பாலும் இல்லை. ஈரக் கான்கிரீட்டும் கம்பி வலையும் ரேடியோ அலையை நன்றாக விழுங்கிவிடும். பேட்டரி இல்லாமல், வெளியே ரீடரைப் பக்கத்தில் காட்டினால் மட்டும் பேசும் சென்சார்கள் உண்டு. ஆனால் அதற்கு ஆள் போக வேண்டும், தொலைவுக் கண்காணிப்பு என்ற பெயருக்கு அர்த்தமில்லை.

வழக்கமான ஏற்பாட்டில் சென்சாரிலிருந்து வயர் வெளியே வந்து ஒரு பெட்டியில் இருக்கும் டேட்டா லாகருக்கு, அதாவது அளவுகளைப் பதிவு செய்யும் கருவிக்கு, போகும். லாகரின் உள்தடை மிக அதிகமாக இருக்க வேண்டும், குறைந்தது 10 மெகா ஓம். இல்லையென்றால் அளக்கும் கருவியே மின்னோட்டத்தை இழுத்து அளவைக் கெடுத்துவிடும். பெட்டியிலிருந்து சிம் கார்டு வழியாகவோ, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தூரம் போகும் லோரா ரேடியோ வழியாகவோ சர்வருக்குத் தகவல் போகும். இந்தியாவில் 865 முதல் 868 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம், லோரா அங்கேதான் ஓடுகிறது. ஒரு நீளமான பாலத்துக்குக் கரையில் ஒரு கேட்வே, அதாவது ரேடியோ தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் பெட்டி, போதுமானதாக இருக்கலாம், பார்வைக்குத் தடை இல்லையென்றால். 3.6 வோல்ட் லித்தியம் பேட்டரி பல வருடம் தாங்கும், அடிக்கடி அனுப்பாமல் இருந்தால்.

எவ்வளவு அடிக்கடி அளக்க வேண்டும்?

துரு அவசரப்படாது. மின்னழுத்தமும் வெப்பமும் ஒரு நாளைக்கு நான்கு முறை, வேகம் வாரம் ஒருமுறை. ஒவ்வொரு நிமிடமும் நேரலை என்று யாராவது விற்றால் அது பேட்டரிக்கான செலவு.

எந்த அளவில் அலாரம் வைப்பது?

ஒரு முழு வருடம் அலாரமே வைக்காதீர்கள். மழைக்காலம், கோடைக்காலம் இரண்டையும் சென்சார் பார்க்கட்டும். ஈரம் ஏறினால் மின்தடை விழும், வெயிலில் துருவின் வேகம் ஏறும், மழை நின்றால் எல்லாம் திரும்பும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கிய அன்று பத்துச் சென்சாரும் ஒன்றாக அலறினால், மூன்றாவது மழைக்கு யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். மின்தடை 20 கிலோ ஓம்–சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் துரு வேகமாக ஓட வழியில்லை. 5-க்குக் கீழே போனால் ஓடலாம். மின்னழுத்தச் சரிவும் மின்தடை வீழ்ச்சியும் ஒன்றாக வந்து, காய்ந்த பிறகும் திரும்பாமல் நின்றால் அப்போது ஆளை அனுப்புங்கள்.

இந்த அமைப்பில் எது முதலில் கெடும்?

பெட்டி. சிரிக்காதீர்கள். ஒரு ஜெட்டியில் கம்பியின் துருவைக் கவனிக்க வைத்த அமைப்பில் பதினெட்டு மாதத்தில் பெட்டியின் திருகுகளே துருப்பிடித்துத் திறக்க முடியாமல் போயின. உடைத்துப் பார்த்தால் உள்ளே முனையங்களில் பச்சை பூத்திருந்தது. கம்பி என்னவோ நன்றாகத்தான் இருந்தது. அடுத்தது வயரின் வெட்டிய முனை. அங்கிருந்து ஈரம் வயருக்குள்ளேயே ஏறி மீட்டர் கணக்கில் உள்ளே போகும். அதற்கடுத்து இடி. நீண்ட வயருக்கு மின்னெழுச்சிப் பாதுகாப்பு இல்லையென்றால் ஒரே ஒரு மழைக்காலம்தான்.

முன்னிறுக்கிய கம்பிக்கும் இதே சென்சார் போதுமா?

போதாது. உலோகக் குழாய்க்குள் இருக்கும் கம்பியை வெளியிலிருந்து மின்னழுத்தத்தால் பார்க்க முடியாது, குழாய் மறைத்துவிடும். அங்கே ஒலியைக் கேட்பதுதான் வழி. கம்பி அறும்போது வரும் அதிர்வை மேற்பரப்பில் ஒட்டிய சென்சார்கள் பிடிக்கும். ஜெர்மனியின் டிரெஸ்டனில் கரோலா பாலத்தின் ஒரு பகுதி 2024 செப்டம்பர் 11 அதிகாலையில் எல்பே ஆற்றில் விழுந்தது, யாருக்கும் காயமில்லை. கட்டிய காலத்திலேயே ஈரம் பட்டு உள்ளே தொடங்கிய விரிசல் அரிப்பு, பல வருடம் கழித்து ஆளைத் தேடி வந்தது. மிச்சமிருந்த பகுதிகளில் ஒலிச் சென்சார் வைத்துக் கேட்டதில் மேலும் கம்பிகள் அறுவது தெரிந்து, கீழே போக்குவரத்தை நிறுத்தினார்கள். இந்த முறையில் சென்சார் வைத்த நாளுக்கு முன்பு அறுந்தது எதுவும் தெரியாது. கணக்கு அன்றிலிருந்துதான் தொடங்கும்.

நம் ஊரில் இதைத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களா?

தாராளமாக. காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் பல பத்தாண்டுகளாகக் கம்பி அரிப்பைப் பற்றி ஆராய்ந்து வருகிறது. கம்பிக்குப் பூசும் சிமெண்ட்–பாலிமர் பூச்சு அவர்கள் கொடுத்தது. மண்டபத்திலும் அவர்களுக்குச் சோதனைத் தளம் உண்டு. உப்புக்காற்றுக்கு அதை விட நல்ல பள்ளிக்கூடம் கிடைக்காது. பாம்பனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: 1914-இன் பழைய ரயில் பாலத்தின் மேற்கட்டுமானம் இரும்பு, அது வேறு கதை. பக்கத்தில் 1988-இல் திறந்த சாலைப் பாலம்தான் இங்கே பேசும் கான்கிரீட் வகை.

கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் இருக்கும் எங்கள் அடுக்குமாடிக்கு இது வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம். சங்கத்தின் பணத்தை முதலில் மொட்டை மாடி நீர்க்கசிவுக்கும் குளியலறைக் குழாய்க்கும் செலவழியுங்கள். பிறகு ஒருமுறை முழுச் சோதனை: கவர் மீட்டரால் கம்பியின் ஆழம், புதிதாக உடைத்த பரப்பில் ஃபீனால்ப்தலீன் தெளித்துக் காரம் எவ்வளவு ஆழம் வரை அழிந்துவிட்டது என்ற பார்வை, தூளெடுத்துக் குளோரைடு அளவு, கையால் மின்னழுத்தம். ஃபீனால்ப்தலீன் இளஞ்சிவப்பாக மாறினால் காரம் இருக்கிறது, நிறமே மாறவில்லை என்றால் போய்விட்டது. இந்தச் சோதனையில் அடித்தளத்துத் தூண்களோ கார் நிறுத்தும் தளமோ சந்தேகமாகத் தெரிந்து, உடனே இடித்துச் சரிசெய்யவும் முடியாது என்றால், அந்த நாலைந்து இடத்தில் மட்டும் சென்சார் வைப்பதில் அர்த்தம் உண்டு. பழுது பார்த்த பிறகு அந்த வேலை நிற்கிறதா என்று பார்க்கவும் வைக்கலாம். பழுது பார்த்த திட்டுக்கு ஓரத்தில், பழைய கான்கிரீட்டில், துரு புதிதாகக் கிளம்புவது சாதாரணம்.

ஒப்பந்தத்தில் எதை மறக்காமல் எழுத வேண்டும்?

அளந்த மூல எண்கள் உங்களுக்குச் சொந்தம், சாதாரண விரிதாள் கோப்பாகத் தர வேண்டும் என்று எழுதுங்கள். பச்சை–மஞ்சள்–சிவப்பு விளக்கு மட்டும் காட்டும் இணையப் பக்கம், சந்தா கட்டாத மாதம் அணைந்துவிடும். எந்த மின்முனை, அதன் தொடக்க அளவு என்ன, எந்தச் சென்சார் எந்தத் தூணில் எவ்வளவு ஆழத்தில் என்ற வரைபடத்தையும் கையில் வாங்குங்கள். கான்கிரீட் போடும் முன் ஒவ்வொரு சென்சாருக்கும் பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். ஐந்து வருடம் கழித்து யாரோ ஒருவர் பெயர்ப்பலகை மாட்ட அதே இடத்தில் டிரில்லோடு வந்து நிற்பார், அப்போது அந்தப் போட்டோ வேண்டும்.